மணியை அடித்தது யார்

ஜூன் 4

அன்புப் பட்டாணிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் சுகம். அவருக்குச் சிமெண்டுத் தூசியால் இருமல். இந்த ஆலைக் குடியிருப்பில் எல்லோருக்கும் அது இருப்பதால் யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை. உன் உடம்பு எப்படி? அறையில் காற்று வருகிறதா?

மூக்குக் கண்ணாடிக் கடை வேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடக்கிறேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு படுத்துக் கிடப்பதா! இருபத்திரண்டு வருஷம் அங்கே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். அதில் பதினாறு வருஷம் ஞாயிறு தவறாமல், ஊரின் பழைய இடங்களைக் காட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். அத்தானுக்கு மாற்றலாகி இங்கே வந்து இரண்டு வருஷமாகியும், கண்ணை மூடினால் கால் தானாகத் தேவாலய மேட்டில் ஏறுகிறது.

அந்த நடைக்காக நான் எழுதி வைத்த ஆறு நோட்டுகளையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பத்திரம். காலை ஏழு மணிக்குப் பூங்காவின் கிழக்கு வாசலில் ஆரம்பி. வாத்திய மேடையைச் சுற்றிக்கொண்டு போகாதே, குறுக்கே நட. அப்போதுதான் மரங்களின் நடுவே தேவாலயக் கோபுரம் திடீரென்று தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவள் நான். அடுத்தது போர் நினைவுச் சின்னம். அதிலுள்ள சிங்கத்தின் மூக்கு உடைந்தது போரில் அல்ல, வெள்ளையடிக்கக் கட்டிய சாரம் சரிந்ததில். பிறகு நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் மேட்டுத் தேவாலயம். பின்கட்டில் சாவிக்காரர் இருப்பார். டீச்சரின் தங்கை என்று சொல், போதும்.

மணிக்கூண்டின் கீழே ஒரு நிமிஷம் நின்று நினைத்துப் பார். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாள் மூடுபனி. கடலில் நாற்பது படகு. அவர்களுக்குக் கரை தெரியட்டும் என்று மணியடிப்பவர் ஒற்றை ஆளாக இரண்டு நாளும் அடித்தார். கடைசிப் படகு வந்ததும் கயிற்றைப் பிடித்தபடியே விழுந்து செத்தார். கோபுரத்தடியில்தான் புதைத்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைப்பார்.

போய்விட்டு வந்து எழுது. ஒன்றும் விடாமல் எழுது.

உன் அக்கா

&nbsp;

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அறையில் காற்றும் வருகிறது, பக்கத்து வீட்டுச் சண்டையும் வருகிறது. அத்தானை வெந்நீர் குடிக்கச் சொல். நீ எப்படி இருக்கிறாய்?

நீ மிரட்டினபடியே போனேன். கோபுரம் மரத்துக்கு நடுவில் எட்டிப் பார்த்த இடத்தில் "அட!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எதிரே வந்தவர் அவரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். படி நூற்றுப் பன்னிரண்டு இல்லை அக்கா, நூற்றுப் பதினொன்று. இரண்டு தரம் எண்ணினேன். இரண்டாவது தரம் எண்ணினதற்கு என் முழங்கால் இன்னும் என்னோடு பேசவில்லை.

சாவிக்காரர் உன் பெயரைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பானார். ஆனால் பூட்டைத் திறக்க ஐந்து நிமிஷம் பிடித்தது. சாவியைக் கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு துவாரத்தைத் தேடுகிறார். "எத்தனை வருஷமா இந்தக் கண்ணாடி போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். "இது எங்க அண்ணனோடதும்மா, அவர் போனப்புறம் வீணாப் போகக் கூடாதுன்னு" என்றார். கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இறங்கி வரும்போது பூங்காவின் பின்பக்கம் புதருக்குள் ஒரு கல் தொட்டி பார்த்தேன். வண்டிக் குதிரைகள் தண்ணீர் குடிப்பதற்காக ஒரு பெண் கட்டி வைத்ததாம். "கேட்கத் தெரியாதவர்களுக்கு" என்று மட்டும் செதுக்கியிருக்கிறது. உன் நோட்டில் அது இல்லையே, எப்படி விட்டாய்?

உன் அருமைத் தங்கை,
பட்டாணி

&nbsp;

ஜூன் 27

அன்புப் பட்டாணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

படி நூற்றுப் பன்னிரண்டுதான். அடியில் உள்ள முதல் படி பாதி மண்ணில் புதைந்திருக்கும், நீ பார்த்திருக்க மாட்டாய். குதிரைத் தொட்டியை நான் விடவில்லை. சேர்க்கவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் சரித்திரம் ஆகாது.

நான் ஆரம்பித்த ஞாயிறு நடையை ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் இழுத்துக்கொண்டு போகிறார் என்று கேள்வி. நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் தந்தி மாதிரி நாலு வார்த்தைதான் வரும். அவரைப் போய்ப் பார். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று எழுது.

அக்கா

&nbsp;

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நான் நலம். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

எழுத நிறைய இருக்கிறது. போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தேன். "டீச்சர் இல்லாம நடை வெறும் நடையா இருக்கு" என்றார். நாலு வார்த்தைக்கு மேலேயே பேசினார், பார். அந்த ஞாயிறு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். சிங்கத்தருகில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்குத் தெரியும்ல" என்று என்னைத் தள்ளிவிட்டார். உன் நோட்டில் இருந்ததைச் சொன்னேன். முடிந்ததும் ஒரு பெண்மணி அடுத்த வாரமும் நீங்கள்தானே என்று கேட்டார். இப்போது நாலு ஞாயிறாக நான்தான் சொல்கிறேன். போன வாரம் இருபத்தாறு பேர்.

அதற்கிடையே சாவிக்காரருக்குப் புதுக் கண்ணாடி தயாராகி, அதைக் கொடுக்கத் தேவாலயத்துக்கே போனேன். சோதித்துப் பார்க்க எதையாவது பொடி எழுத்தில் படிக்கச் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து இருப்பதிலேயே பழைய அடக்கப் பதிவேட்டை எடுத்தார். "அம்மா, எறும்பு மாதிரி இருந்த எழுத்தெல்லாம் இப்ப எருமை மாதிரி நிக்குது!" என்று சந்தோஷம் தாங்காமல் பக்கம் பக்கமாகப் படித்தார். அப்படிப் படித்துக்கொண்டே போனதில் உன் மணியடிப்பவர் வந்தார் அக்கா. அவர் மூடுபனியில் சாகவில்லை. பதினாலு வருஷம் கழித்து எழுபத்தோரு வயதில் காய்ச்சலில் செத்திருக்கிறார். நம்பாமல், அதே கட்டில் சேர்த்துத் தைத்திருந்த பாதிரியாரின் நாட்குறிப்பைத் தேடினோம். மூடுபனி அன்றைக்கு அவர் எழுதியிருக்கிறார்: "மணியடிப்பவன் குடித்துவிட்டு எழவில்லை. சமையல்காரனும் பெருக்கும் பெண்கள் இருவரும் முறைவைத்து அடித்தார்கள். கயிறு நனைந்திருந்தது, பனியால் அல்ல."

கயிற்றைப் பிடித்து நானும் இழுத்துப் பார்த்தேன். பத்து இழுப்புக்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஒரு ஆளால் எப்படி இரண்டு நாள் முடியும்? போன ஞாயிறு இதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் போஸ்ட்மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார்.

உனக்கு முதலில் சொல்லாமல் அவர்களுக்குச் சொல்லிவிட்டேனே என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. கோபமில்லையே?

பட்டாணி

&nbsp;

ஆகஸ்ட் 4

அன்புள்ள பட்டாணிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நாட்குறிப்பில் எழுதியிருப்பதெல்லாம் வேதவாக்கு இல்லை. அந்தப் பாதிரியாருக்கும் மணியடிப்பவருக்கும் ஆகாது. இதெல்லாம் பல வருஷம் ஊறினவர்களுக்குத்தான் தெரியும். நாலு ஞாயிறு நடந்துவிட்டு, பதினாறு வருஷம் ஒருத்தி சொன்னதைப் பொய்யாக்குவது சுலபம். கூட்டம் புதிதாக எதைச் சொன்னாலும் கைதட்டும்.

என் நோட்டுகள் எனக்கு வேண்டும். இங்கே ஒரு வேலை இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பு.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நோட்டுகள் வந்து சேர்ந்திருக்கும். ஒரு பக்கமும் மடங்காமல் அட்டை வைத்துக் கட்டினேன். உன் மனம் கோணும்படி செய்துவிட்டேன் என்று தெரிகிறது. நீ சொன்ன கதை பொய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. பதிவேட்டில் இப்படி இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். நகராட்சியில் தேவாலயங்கள், பூங்காக்கள், நினைவுச் சின்னங்கள் எல்லாம் சேர்த்து நடந்து பார்ப்பவர்களுக்காக ஒரு கையேடு அச்சடிக்கப் போகிறார்கள். அதை எழுத ஆள் தேடுகிறார்கள். போஸ்ட்மாஸ்டர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால், ஒளிப்பானேன், ஆசையாகவும் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் எழுதமாட்டேன். உன்னைக் கேட்காமல் ஒரு வரி எழுதமாட்டேன்.

இன்னொன்று. உன் கடைசி இரண்டு கடிதத்திலும் வரிகள் வலது ஓரத்தில் சரிந்து தாளை விட்டே விழுகின்றன. படுத்துக்கொண்டு எழுதுகிறாயா? உடம்பு சரியில்லையா? மறைக்காமல் எழுது.

பட்டாணி

&nbsp;

செப்டம்பர் 6

என் கண்ணே பட்டாணி,

உன் கடிதம் பார்த்து நானும் அத்தானும் பூரித்துப் போனோம். இதற்கெல்லாம் என்னிடம் அனுமதி கேட்பார்களா? தாராளமாக எழுது. நம் வீட்டுப் பெண் ஒரு புத்தகம் எழுதினால் எனக்குத்தானே பெருமை. என் வாழ்த்து எப்போதும் உண்டு.

நான் கல்லு மாதிரி இருக்கிறேன். கவலைப்படாதே. மேசை ஆடுகிறது, அவ்வளவுதான்.

ஆசியுடன்,
அக்கா

&nbsp;

அக்டோபர் 10

அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையேட்டை நான் எழுதவில்லை. அதை எழுதத் தகுந்தவள் நீதான் என்று அதிகாரியிடம் சொல்லி உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். அவர் உனக்கு எழுதுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போது போவதில்லை. கடையில் வேலை அதிகம்.

அத்தானுக்கு இருமல் குறைந்ததா?

இப்படிக்கு,
உன் தங்கை

&nbsp;

அக்டோபர் 20

அன்புப் பட்டாணிக்கு,

நகராட்சிக் கடிதம் நேற்று வந்தது. முத்திரை போட்ட தாள், மரியாதையான வார்த்தைகள். "தங்கள் நீண்ட அனுபவத்தை" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அத்தான் அதைக் குடியிருப்பு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

ஏன் இப்படிச் செய்தாய்? நீ எழுதுவதாகத்தானே பேச்சு? அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா? ஞாயிற்றுக்கிழமை ஏன் போவதில்லை? உன் கடிதத்தில் பட்டாணி என்ற கையெழுத்துக்கூட இல்லை. இது கண்டவுடன் பதில் போடு.

அக்கா

&nbsp;

நவம்பர் 15

பட்டாணிக்கு,

நான்கு வாரமாக உன் பதில் இல்லை. தபால்காரரை வாசலிலேயே மடக்கி இரண்டு தரம் பையைத் தேடச் சொன்னேன். அத்தான் சிரிக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

நகராட்சிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கும். அதை எழுதினது நான்.

"ஆசியுடன்" என்று உனக்கு எழுதின அன்றைக்கேதான் அதையும் எழுதினேன். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டேன். அந்தப் பெண் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள், அடுத்தவர் நோட்டைத் திருடிப் பிழைக்கிறாள், புனிதமான இடத்தில் நின்று இறந்தவரை இழிவு செய்கிறாள். இப்படியெல்லாம் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

இருபத்தாறு பேர் என்று நீ எழுதியிருந்தாய் இல்லையா? எனக்கு அதிகம் வந்தது பத்தொன்பது. அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூங்கா வாசலில் நீ நிற்கிறாய், என் இடத்தில். போஸ்ட்மாஸ்டர் உனக்குத் தொப்பியைக் கழற்றுகிறார், எனக்கு ஒரு நாளும் கழற்றினதில்லை. வீடு பெருக்கும்போது, துணி உலர்த்தும்போது, எந்நேரமும் இதே படம் ஓடியது. வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு இல்லை, நிஜமாகவே எரியும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அந்த நாட்குறிப்புப் பக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்பே பார்த்தேன். பதிவேட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு பழைய கதையையே சொன்னேன். குடிகாரனைப் பற்றியும் சமையல்காரனைப் பற்றியும் சொன்னால் யார் அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். நீ சொன்னாய், தொப்பியைக் கழற்றினார்கள். பொய் சொல்லாமலே நீ அதை வாங்கிவிட்டாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கையேட்டை நான் எழுதப் போவதில்லை. அதிகாரிக்கும் எழுதிவிட்டேன், உன்னைப் பற்றி வந்த மொட்டைக் கடிதம் என்னுடையது என்று கையெழுத்துப் போட்டே எழுதினேன். திட்டியாவது ஒரு வரி போடு.

அக்கா

&nbsp;

டிசம்பர் 2

அக்காவுக்கு,

எனக்கு அப்போதே தெரியும்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கையேட்டைப் பற்றிப் பேசத்தான் என்று இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அவர் இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"மொட்டைக் கடிதாசும்மா. இதுக்கெல்லாம் நாங்க மதிப்புக் குடுக்கிறதில்ல. ஆனா கேக்கணும் இல்லையா? யார் எழுதினதுன்னு தெரியுமா?"

அச்செழுத்து மாதிரி எழுதி மறைத்திருந்தாய். ஆனால் முழுக் கடிதத்திலும் ஒரு சந்திப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லாமல் ஒரு மொட்டைக் கடிதம் உலகத்திலேயே அதுதான் முதலாவதாக இருக்கும். "நினைவுச் சின்னம்" என்பதற்கு நடுவில் ச் போடாததற்கு எனக்கு ஸ்கேலால் விழுந்த அடி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வரியும் வலது ஓரத்தில் தாளை விட்டு விழுந்திருந்தது.

"தெரியாதுங்க" என்றேன்.

"இதுல சொல்லியிருக்கிற மாதிரி, நோட்டு உங்களோடது இல்லையா?"

"இல்லைங்க. எங்க அக்காவோடது. அவங்களையே எழுதச் சொல்லுங்க."

நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதே. அது உனக்குக் கிடைக்க வேண்டும், கிடைத்ததைத் தின்ன முடியாமல் நீ திணற வேண்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். நகராட்சிப் படியில் இறங்கும்போது அதை நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது. அறைக்கு வந்துதான் அழுதேன்.

உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று எண்ணமா? பிறந்ததிலிருந்து எனக்கு எரிகிறது. உன் பழைய சீருடை, உன் பழைய புத்தகம், உன்னை மாதிரியே எழுது, உன்னை மாதிரியே நில். வகுப்பில்கூட "டீச்சராகப் போறவளோட தங்கச்சியா நீ?" என்றுதான் கேட்டார்கள். இந்த ஊருக்கு வந்ததே நீ இருந்த ஊர் என்றுதான். வந்தால் இங்கேயும் டீச்சரின் தங்கைதான். பத்து ஞாயிறு, பத்தே பத்து ஞாயிறு, என்னை எனக்காகக் கூப்பிட்டார்கள். அதற்குள் உனக்குப் பொறுக்கவில்லை.

நீ அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாய் என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. எனக்குச் சந்திப் பிழைக்கு அடி போட்டவள் நீ.

இப்போது கடைக்காரியாக எழுதுகிறேன். உன் ஜூன் மாதக் கடிதத்திலிருந்து வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். மேசை ஆடினால் எல்லா வரியும் ஆடும், வலது ஓரம் மட்டும் ஆடாது. இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் ஒரு புள்ளியைப் பார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டு. விரல் தெரிகிறதா? உண்மையைச் சொல். நிலைப்படியில் வலது தோளை இடித்துக்கொள்கிறாயா?

அடுத்த வண்டியைப் பிடித்து வா. எங்கள் கடைக் கண் டாக்டரிடம் பேசிவிட்டேன். வா என்று சொன்னதால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

பட்டாணி

&nbsp;

ஜனவரி 21

அன்புள்ள பட்டாணிக்கு,

வண்டி ஒரு மணி நேரம் தாமதம், ஆனாலும் சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தான் வாசலில் நின்று முதலில் கண்ணைத்தான் பார்த்தார். கண் அழுத்தத்துக்குக் கொடுத்த சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுகிறேன். இரண்டு தடவை மூக்கில் விட்டுக்கொண்டேன், மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. போன பார்வை வராது, இருப்பது தங்கும் என்று டாக்டர் சொன்னதை அவரிடமும் சொன்னேன். ஒரு வருஷமாகவே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். கதவு நிலைகளை இடித்தேன், வலது பக்கம் வந்த சைக்கிளில் ஒரு தரம் விழ இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் கண்ணுக்குக் குதிரைத் தொட்டி புதருக்குள் தெரிகிறது, என் கண்ணுக்கு எதிர்வீடு பாதிதான் தெரிகிறது. இதை எப்படி உனக்கு எழுதுவேன்?

உன் அறையில் பன்னிரண்டு நாள் இருந்தேன். முதல் மூன்று நாள் நீ என்னோடு பேசியது "மருந்து போட்டாச்சா" ஒன்றுதான். அது எனக்குத் தகும். நாலாம் நாள் அதிகாரியைப் போய்ப் பார்த்தோமே, அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நாம் இரண்டு பேரும் அடித்துக்கொண்ட கையேட்டை அவர் மச்சினன் எழுதி, அச்சிலும் வந்து, அதில் மணிக்கூண்டு வேறு தேவாலயத்துக்குப் போய்விட்டது. சிங்கத்தைப் புலி என்று போட்டிருக்கிறார். "மூக்கு இல்லைன்னா எதுன்னு எப்படிங்க தெரியும்?" என்று நீ கேட்டாயே, அந்தப் பாவி மனிதர் அதைக் குறித்துவேறு வைத்துக்கொண்டார். படியில் உட்கார்ந்து நாம் சிரித்த சிரிப்பில் காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

போஸ்ட்மாஸ்டர் உன்னைக் கெஞ்சிக் கூட்டிப் போனார். நான் வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். நீ "வர்றதுன்னா பின்னால வா, வாயத் திறக்காத" என்றாய். பின்னால்தான் வந்தேன். முப்பத்தொரு பேர், எண்ணினேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நீ குதிரைத் தொட்டியருகில் எல்லோரையும் நிறுத்தியபோது, இதை என் நோட்டில் சேர்க்காத என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் எரிந்தது. நீ ஒரு வார்த்தை தடுமாறினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். நீ தடுமாறவே இல்லை.

மணிக்கூண்டின் கீழே சமையல்காரனையும் பெருக்கும் பெண்கள் இருவரையும் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, அத்தனை பேர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாய். "அக்கா, ஏதாவது விட்டுட்டேனா?" என்றாய். எல்லோரும் திரும்பினார்கள்.

"இல்ல, எல்லாம் சொல்லிட்ட" என்றேன்.

அதைக் கேட்டு உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், அது இடது பக்கம் இருந்தது. ஆனால் நான் சொன்னது உண்மையில்லை பட்டாணி. நீ ஒன்றை விட்டுவிட்டாய். உனக்கு அது தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் நின்றுகூட அதை நான் எனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டேன். வண்டியில் வரும் வழியெல்லாம் அது என் மடியில் கனத்தது.

பெருக்கும் பெண்களில் ஒருத்திக்குப் பெயர் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்பு அந்தப் பக்கத்தை மூடி வைத்தேனே, மூடிவிட்டு மனசு கேட்காமல் அவளைத் தேடினேன். கண்டும் பிடித்தேன். கண்டுபிடித்தும் பேசாமல் இருந்தேன். மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு, பச்சை முதுகு வைத்த ஞானஸ்நானப் பதிவேடு. மூடுபனிக்கு அடுத்த வருஷம், மே மாதம். ஒரு பெண் குழந்தைக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். தாயின் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், அதே பாதிரியாரின் கையால் பொடியாக எழுதியிருக்கிறது: "மணி அடித்தவள். அப்போதே இந்தக் குழந்தை வயிற்றில் இருந்தது."

அவள் பெயரை இங்கே எழுதலாம் என்று பேனாவை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். நான் எழுதினால் அது டீச்சர் சொன்னதாகிவிடும். சாவிக்காரரைக் கூட்டிக்கொண்டு நீயே போய்ப் படி. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் நீயே சொல்.

அன்றைக்கு மழை வராமல் இருக்கட்டும்.

உன் அக்கா